காஷ்மீர் டூர் நடத்தும் தமிழ்நாட்டு ஏற்பாட்டாளர்களுக்கு: நிஷாத் பாகுக்கு அரைநாள் கொடுங்கள், அதையும் ஐப்பசியில் கொடுங்கள்

அன்புள்ள சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம்.

சென்னை, கோவை, மதுரை, திருச்சி, ஈரோடு என்று பல ஊர்களில் இருந்துகொண்டு வருடா வருடம் நம் மக்களைக் காஷ்மீருக்கு அழைத்துப் போகிறீர்கள். இந்தி தெரியாத பெரியவர்கள், முதன்முறையாக விமானம் ஏறுகிறவர்கள், அங்கே ரசம் சாதம் கிடைக்குமா என்று கவலைப்படுகிறவர்கள், முழங்கால் வலியோடு வருகிறவர்கள், எல்லோரையும் பத்திரமாகக் கூட்டிப்போய்த் திரும்ப வீட்டில் சேர்க்கிறீர்கள். அது லேசான வேலை இல்லை. நீங்கள் இல்லையென்றால் எங்கள் தெருவில் பாதிப் பேர் விந்திய மலையைத் தாண்டியிருக்க மாட்டார்கள். அந்த நன்றியோடுதான் இந்த மடலை எழுதுகிறேன்.

உங்கள் துண்டறிக்கைகளில் காஷ்மீர் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. ஐந்து இரவு, ஆறு பகல். குல்மார்க்கில் கொண்டோலா என்ற கம்பிவட வண்டி, பஹல்காமில் குதிரை, சோன்மார்க்கில் பனி, தால் ஏரியில் ஷிகாரா படகு. வந்து இறங்கும் நாளிலோ கடைசி நாளிலோ 'ஸ்ரீநகர் லோக்கல்' என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குள் சங்கராச்சாரியார் மலையும், சஷ்மே ஷாஹி, நிஷாத் பாக், ஷாலிமார் பாக் என்ற முகலாயத் தோட்டங்களும் எல்லாம் அடங்கிவிடும். நடுவில் சால்வைக் கடையும் உலர்பழக் கடையும் உண்டு. மாதம் என்று பார்த்தால் பள்ளி விடுமுறைக்காக ஏப்ரல், மே. இல்லாவிட்டால் பனிக்காக டிசம்பர், ஜனவரி.

இதில் இரண்டு மாற்றங்கள் கேட்கிறேன். நிஷாத் பாகுக்கும் ஷாலிமார் பாகுக்கும் தனித்தனியாக அரைநாள் ஒதுக்குங்கள். வருடத்தில் ஒரு டூராவது ஐப்பசிக் கடைசியில், அதாவது நவம்பரின் முதல் இரண்டு வாரங்களில் அமைகிற மாதிரி வையுங்கள்.

நான் முதலில் அங்கே போனது ஒரு குழுவோடுதான். எந்த நிறுவனம் என்பது இங்கே முக்கியமில்லை. யாரோடு போயிருந்தாலும் அநேகமாக இதுதான் நடந்திருக்கும். நிஷாத் பாக் வாசலில் வண்டி நின்றதும், "அரைமணி நேரம்தான், போட்டோ எடுத்துட்டு வந்துடுங்க, ஒரு மணிக்கு ஹோட்டல்ல சாப்பாடு" என்றார் கூட வந்த மேனேஜர். நாங்களும் ஓடினோம். முதல் இரண்டு தளங்களுக்கு மேல் பெரும்பாலோர் ஏறவில்லை. ஒரு பாட்டி மட்டும் மூச்சு வாங்க நான்காவது தளம் வரை ஏறிவிட்டு, மேலே இன்னும் இருக்கிறதே என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அவரைக் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தோம். சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டதால் ஷாலிமாரின் மதில் மட்டும் வண்டி ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

பிறகு ஒரு நவம்பரில் அவசரம் இல்லாமல் போனேன். அப்போது பார்த்ததை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

நிஷாத் பாக்கை உருவாக்கியவர் ஆசஃப் கான். நூர்ஜஹானின் அண்ணன், மும்தாஜ் மஹாலின் தந்தை, அந்த வகையில் ஷாஜஹானின் மாமனார். 1633ஐ ஒட்டிய காலம். தால் ஏரியின் கிழக்குக் கரையில், ஸபர்வான் மலையின் சரிவில் பன்னிரண்டு தளங்களாக ஏறுகிறது தோட்டம். ராசிகள் பன்னிரண்டு என்பதால் தளங்களும் பன்னிரண்டு என்று சொல்வார்கள். மேலே மலையிலிருந்து வரும் தண்ணீர் தோட்டத்தின் நட்டநடுவே ஒரே நேர்கோட்டில் தளம் தளமாக இறங்கி ஏரியை நோக்கிப் போகிறது. தோட்டத்தின் முதுகெலும்பே அந்தக் கால்வாய்தான்.

இதன் அருமை விளங்க வேண்டுமென்றால், முகலாயர்கள் ஆக்ராவிலும் டெல்லியிலும் போட்ட தோட்டங்களை நினைத்துப் பார்க்கவேண்டும். அங்கே சமதளம். ஆற்றிலிருந்தோ கிணற்றிலிருந்தோ தண்ணீரை மேலே இறைத்துத்தான் கால்வாய்களில் ஓடவிட்டார்கள். தோட்டம் நான்கு சதுரங்களாகப் பிரிந்து, நடுவில் மண்டபமோ சமாதியோ இருக்கும். காஷ்மீரில் மலையே தண்ணீரைக் கொடுத்தது. இறைக்க வேண்டிய தேவையே இல்லை. அதனால் சதுரத்தை விட்டுவிட்டுச் சரிவைப் பிடித்தார்கள். மேல் தளத்துக்கும் கீழ்த் தளத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் தரும் அழுத்தத்திலேயே நீரூற்றுகள் பீய்ச்சின. மோட்டார் இல்லாத காலத்தில் இத்தனை ஊற்றுகள் எப்படி எழுந்தன என்று உங்கள் வண்டியில் வரும் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எடுத்துச் சொன்னால், இயற்பியல் பாடத்தில் படித்த நீரழுத்தம் அவன் கண் முன்னால் நிற்கும்.

ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்குத் தண்ணீர் சும்மா விழுவதில்லை. சரிவான ஒரு கல் பலகை மேல் வழுக்கி இறங்குகிறது. அதைச் சாதர் என்கிறார்கள். அந்தக் கல்லில் மேடும் பள்ளமுமாக வரிவரியாகச் செதுக்கியிருக்கிறார்கள். மெல்லிய படலமாக இறங்கும் தண்ணீர் அந்த வரிகளில் மோதி உடைந்து நுரைக்கும், சத்தம் போடும், வெயிலைச் சிதறடிக்கும். கோடையில் போனால் நுரையைத்தான் பார்ப்போம். நான் போன நவம்பரில் சில தளங்களில் தண்ணீர் நின்றிருந்தது. அதனால் செதுக்கல் முழுவதும் வெளியே தெரிந்தது. எந்தக் கோணத்தில் உளி இறங்கியிருக்கிறது, எங்கே காலத்தில் தேய்ந்திருக்கிறது, எங்கே பிற்காலத்தில் மாற்றி வைத்த கல் என்று நின்று பார்க்க முடிந்தது. ஊற்று ஓடவில்லையே என்று பக்கத்தில் ஒரு குடும்பம் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தது. அவர்களுக்கு இதைக் காட்ட ஒருவர் கூட இருந்திருந்தால் அந்த வருத்தம் பறந்திருக்கும்.

சாதர்களுக்கு மேலே, கால்வாயின் குறுக்கே கல் மேடைகள் போட்டிருக்கிறார்கள். அடியில் தண்ணீர் ஓட, மேலே உட்கார்ந்து ஏரியைப் பார்ப்பதற்கான இருக்கைகள் அவை. நிஷாத் மேற்கைப் பார்த்த தோட்டம். கீழே தால் ஏரி, அக்கரையில் ஹரி பர்பத் கோட்டை, அதற்கும் பின்னால் வெகுதூரத்தில் பீர் பஞ்சால் மலைத்தொடர். கோடையில் பல நாள் புழுதியும் மங்கலுமாக மலைகள் மறைந்துவிடும். இலையுதிர் காலத்தின் வறண்ட, தெளிவான நாட்களில் பீர் பஞ்சாலில் விழுந்த புதுப்பனி வரை தெரியும். நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை கொட்டிக்கொண்டிருக்கும் அதே வாரங்களில் காஷ்மீர் வருடத்தின் வறண்ட பருவத்தில் இருக்கிறது. வானம் அநேகமாக நீலம்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மலை கிழக்கில் இருப்பதால் காலையில் வெயில் நிஷாத்துக்குத் தாமதமாகத்தான் வரும். நவம்பர் காலையில் தோட்டம் நெடுநேரம் நிழலில் குளிர்ந்துகொண்டிருக்கும். மதியத்துக்குப் பிறகுதான் ஏரிப்பக்கமிருந்து வெயில் நேராக உள்ளே வந்து ஒவ்வொரு மரத்தையும் பற்றவைக்கும். ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஆகவே இரண்டு மணிக்கு நுழைந்து அஸ்தமனம் வரை இருக்கவேண்டிய இடம் இது. காலை பதினொரு மணிக்குக் கூட்டிப்போய் ஒரு மணிச் சாப்பாட்டுக்குத் திருப்பிக்கொண்டு வருவது, நேரம் குறைவு என்பதோடு, ஒளியும் தவறிய நேரம்.

இனி மரத்துக்கு வருகிறேன். எனக்கு இந்த மடலின் இதயமே சினார்தான்.

சினார் மரம் தாவரவியலில் பிளாட்டனஸ் ஓரியென்டாலிஸ். முப்பது மீட்டர் வரை வளரும். பல நூற்றாண்டுகள் வாழும். வயதானால் அடிமரம் உள்ளே கோறையாகிவிடும். ஆனாலும் மேலே கிளைகள் பச்சையாகத் தழைக்கும். இலை நம் ஆமணக்கு இலையைப் போலப் பிளவுபட்டு விரிந்திருக்கும். கோடையில் கரும்பச்சை. அக்டோபரில் ஓரங்களில் மஞ்சள் தொடங்கி, பிறகு பொன்னிறம், காவி, செம்பு, கடைசியில் காய்ந்த இரத்தத்தின் நிறம் என்று போகும். ஒரே மரத்தில் இத்தனை நிறமும் ஒரே சமயத்தில் இருக்கும். நவம்பர் நடுவில் கொத்துக்கொத்தாக உதிரத் தொடங்கும்.

நம்மூரிலும் மரங்கள் இலை உதிர்க்கின்றன. மாசி, பங்குனியில் வறட்சி வரப்போகிறது என்று தெரிந்து, தண்ணீரை மிச்சப்படுத்த உதிர்க்கின்றன. அடுத்த வாரமே புங்கமும் அரசும் துளிர்த்துவிடும். சினார் உதிர்ப்பது குளிருக்குப் பயந்து. பகல் சுருங்கி இரவு உறையத் தொடங்கியதும், இலையில் இருக்கும் பச்சையத்தை உடைத்து அதிலுள்ள சத்துகளைக் கிளைக்குள் இழுத்துக்கொள்கிறது. பச்சை போனதும், அதுவரை அடியில் மறைந்திருந்த மஞ்சள் நிறமிகள் வெளியே தெரிகின்றன. பகல் வெயிலும் இரவுக் குளிரும் சேர்ந்தால் இலையில் மீதமிருக்கும் சர்க்கரையிலிருந்து சிவப்பு நிறமி உருவாகிறது. பிறகு காம்பின் அடியில் ஒரு தடுப்பு வளர்ந்து இலையைக் கழற்றிவிடுகிறது. மரம் மூன்று நான்கு மாதம் வெறுங்கிளையாக நிற்கும். அறுபது வருடம் வாழ்ந்தும் இப்படி ஒரு பருவத்தைப் பார்க்காமலே போய்விடுகிற நம் மக்களுக்கு இதை ஒரு முறை காட்ட உங்களால் முடியும் என்பதுதான் என் வாதம்.

ஏப்ரலில் துலிப் இருக்கிறதே என்பீர்கள். உண்மைதான். 2007இல் திறந்த இந்திரா காந்தி துலிப் தோட்டம் ஸபர்வான் அடிவாரத்தில் அழகாகத்தான் இருக்கிறது. வருடத்தில் ஒரு மாதம் போலத் திறந்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அதைப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். ஆனால் துலிப்பைப் பார்க்கப் போகிறவர்கள் போகிற வழியில் நிஷாத்தை எட்டிப்பார்க்கும்போது அங்கும் பூவைத்தான் தேடுகிறார்கள். நிஷாத்தில் இன்று இருக்கும் புல்வெளிகளும் பருவப்பூப் பாத்திகளும் பிற்காலத்துப் பழக்கம். ஆசஃப் கானின் தோட்டம் தண்ணீர், கல், மரம், சரிவு, இவற்றால் ஆனது. பாத்திகளில் பூ ஓய்ந்து இலையும் பாதி உதிர்ந்த நவம்பரில் அந்த நான்கும் துலக்கமாகத் தெரிகின்றன. மேல் தளத்தில், அந்தப்புரத் தோட்டத்தைத் தாங்கி நிற்கும் உயரமான வளைவுச் சுவரும் அதன் இரு முனைகளில் உள்ள எண்கோணக் கோபுரங்களும் மற்ற மாதங்களில் தழைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அந்த நவம்பரில் கீழ்த் தளத்திலிருந்தே அவை தெரிந்தன.

ஷாலிமார் பற்றிக் கொஞ்சமாவது சொல்லவேண்டும். நிஷாத்திலிருந்து சில கிலோமீட்டர் வடக்கே. 1619இல் ஜஹாங்கீர் தொடங்கியது. 1630 வாக்கில் ஷாஜஹானின் ஆளுநர் ஜஃபர் கான் மேல்பகுதியைச் சேர்த்தார். நிஷாத் ஒரு பிரபுவின் தோட்டம் என்றால் இது அரசவைத் தோட்டம். கீழ்ப்பகுதி மக்களுக்கு, நடுப்பகுதி அரசருக்கும் பிரதானிகளுக்கும், மேற்பகுதி அரச மகளிருக்கு என்று பிரித்திருக்கிறார்கள். கீழ் மண்டபத்தில் கால்வாயின் மேலேயே கறுப்புப் பளிங்கு அரியணை. மேலே கறுப்புப் பளிங்குத் தூண்கள் நிற்கும் மண்டபம். அருவிக்குப் பின்னால் சுவரில் வரிசை வரிசையாகச் சின்ன மாடங்கள்: பகலில் பூக்களும் இரவில் விளக்குகளும் வைத்து, விழும் தண்ணீரின் வழியாக அவை மின்னும்படி செய்வார்களாம். நம் வீட்டுத் திண்ணை மாடத்தில் கார்த்திகை விளக்கு வைக்கிற பெண்கள் அந்த மாடங்களைப் பார்த்ததும் என்னவென்று சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். சுவர் தெரியாமல் முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

அரசர்கள் இந்தத் தோட்டங்களுக்குச் சாலை வழியாக வரவில்லை. படகில் வந்தார்கள். தால் ஏரியிலிருந்து ஷாலிமாருக்கு ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமான கால்வாய் இருந்தது. நிஷாத்தின் அடித்தளம் ஏரிக்கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. பிற்காலத்தில் போட்ட கரைச்சாலைதான் இரண்டையும் பிரித்தது. சாலையில் வண்டியை நிறுத்தி டிக்கெட் கவுண்டர் வழியாக நுழைகிறபோது தோட்டம் பாதியில் தொடங்குகிறது. நீங்கள் ஏற்கெனவே ஷிகாராவுக்கு ஒரு மணி நேரம் பணம் கொடுக்கிறீர்கள். ஏரிக்குள்ளேயே சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறது அது. அதே ஷிகாராவை நிஷாத் படித்துறைக்குக் கூட்டிப்போகச் சொல்லிப் பேசுங்கள். கூடுதலாக ஏதாவது கேட்பார்கள், கொடுக்கலாம். தண்ணீரிலிருந்து பார்க்கும்போதுதான் தளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மலைக்குள் ஏறுவது தெரியும். ஆசஃப் கான் அந்தப் பார்வைக்காகத்தான் கட்டியிருக்கிறார்.

நிஷாத்தைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஷாஜஹான் தன் மாமனாரின் தோட்டத்தைப் பார்த்துவிட்டு மூன்று முறை புகழ்ந்தாராம், ஒருவேளை தனக்குக் கொடுத்துவிடுவார் என்று. ஆசஃப் கான் வாயைத் திறக்கவில்லை. ஷாலிமாருக்கும் நிஷாத்துக்கும் தண்ணீர் ஒரே இடத்திலிருந்து வந்ததால், கோபத்தில் நிஷாத்தின் தண்ணீரை நிறுத்திவிட்டார் பேரரசர். தோட்டம் வறண்டது. ஆசஃப் கான் மரத்தடியில் சோர்ந்து படுத்திருக்க, ஒரு வேலைக்காரன் உயிரைப் பணயம் வைத்து மடையைத் திறந்துவிட்டான். பேரரசர் அவனைத் தண்டிக்காமல் பாராட்டித் தண்ணீர் உரிமையையும் திருப்பிக் கொடுத்தார். கதையோ வரலாறோ, மடைத் தண்ணீருக்காக அண்ணன் தம்பி வெட்டிக்கொண்ட ஊர்களிலிருந்து வருகிற நம் ஆட்கள் இதைக் கேட்டால் அந்தக் கால்வாயை வேறு கண்ணோடு பார்ப்பார்கள். வண்டியில் போகிறபோது மைக்கில் இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அந்தாக்ஷரி பிறகு நடக்கட்டும்.

நவம்பரில் போனால் வேறு சிலவும் கூடவே கிடைக்கும். ஸ்ரீநகருக்குத் தெற்கே பாம்பூரில் குங்குமப்பூ வயல்கள் அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் நடு வரைதான் பூக்கும். ஊதாப் பூவை விடிகாலையில் கிள்ளி, ஒவ்வொன்றிலிருந்தும் மூன்று சிவப்பு இழைகளைப் பிரித்தெடுப்பார்கள். கடையில் டப்பாவில் வாங்கும் குங்குமப்பூவுக்கு ஏன் அந்த விலை என்று வயலில் பார்த்தால் யாரும் பேரம் பேச மாட்டார்கள். ஜஹாங்கீரும் இதே பருவத்தில் பாம்பூர் வயல்களைப் பார்த்துவிட்டு, வாசனையில் கூட வந்தவர்களுக்குத் தலைவலியே வந்துவிட்டது என்று தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அவர் 1627இல் இறந்ததும் காஷ்மீரிலிருந்து லாகூர் திரும்பும் வழியில், இலையுதிர் காலத்தில்தான். ஏரியின் மேற்குக் கரையில், ஹஸ்ரத்பல் பக்கத்தில் நசீம் பாக் இருக்கிறது. இப்போது காஷ்மீர் பல்கலைக்கழக வளாகம். ஊற்றும் இல்லை, மண்டபமும் இல்லை. வரிசை வரிசையாகச் சினார்கள் மட்டும். நேரம் இருந்தால் அங்கேயும் ஒரு மணி நேரம் நடக்க விடுங்கள்.

சினார்களின் நிலை பற்றியும் நீங்கள் தெரிந்து வைத்திருப்பது நல்லது, ஏனென்றால் அவற்றைக் காட்டித்தான் நீங்கள் பிழைக்கிறீர்கள். 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி இல்லாமல் சினாரை வெட்டக் கூடாது. அப்படியும் சாலை அகலப்படுத்தவும் கட்டடம் எழுப்பவும் பல மரங்கள் போயின. சமீப ஆண்டுகளில் ஒவ்வொரு மரத்துக்கும் எண் கொடுத்து, இருப்பிடத்தைப் பதிவு செய்து, க்யூஆர் கோடு பலகை மாட்டி வருகிறார்கள். ஏறக்குறைய 29,000 மரங்கள் இப்படிப் பதிவாகியிருப்பதாக 2025இல் அறிவித்தார்கள். ஃபோனைக் காட்டினால் அந்த மரத்தின் விவரம் வரும். பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். ஷாலிமார், நிஷாத், சஷ்மே ஷாஹி, பரி மஹால், அச்சபல், வேரிநாக் என்ற ஆறு முகலாயத் தோட்டங்களும் 2010 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. முழுப் பட்டியலுக்குப் போகவேண்டுமானால் வந்துபோகிறவர்கள் நடந்துகொள்ளும் விதமும் கணக்கில் வரும். சாதர் கல்லில் செருப்போடு ஏறி நிற்பது, படம் எடுக்க மரக்கிளையை வளைத்து ஒடிப்பது, தண்டில் பேர் கீறுவது, இவை வேண்டாம் என்று இறங்குவதற்கு முன் வண்டியிலேயே சொல்லிவிடுங்கள். உதிர்ந்த இலைகளை வேண்டிய மட்டும் அள்ளிக்கொள்ளட்டும்.

அந்த இலைகளைப் பற்றி இன்னொரு செய்தி. காஷ்மீரிப் பெண்கள் உதிர்ந்த சினார் இலைகளைக் கூட்டிக் குவித்து, எரித்து, தண்ணீர் தெளித்துக் கரியாக்கிச் சேர்த்து வைக்கிறார்கள். குளிர்காலத்தில் அவர்கள் அங்கிக்குள் பிடித்துக்கொள்ளும் காங்கிரி என்ற கனல் சட்டிக்கு அதுதான் எரிபொருள். பல தலைமுறைப் பழக்கம். ஆனால் ஸ்ரீநகர் மலைகள் சூழ்ந்த கிண்ணம். நவம்பர் மாலைகளில் குளிர்ந்த காற்று கீழேயே தங்கிவிடுவதால் புகையும் மேலே போக முடியாமல் ஊர் மேல் நிற்கும். அதிகாரிகள் எரிக்கக் கூடாது என்று சொல்லியும் முழுதாக நிற்கவில்லை. ஆஸ்துமா, மூச்சுத்திணறல் உள்ளவர்கள் உங்கள் குழுவில் இருந்தால் அவர்களை இருட்டுவதற்குள் அறைக்கு அனுப்புங்கள். மாஸ்க் கொண்டுவரச் சொல்லுங்கள். அறைக்குள் காங்கிரியையோ கரியடுப்பையோ வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்க யாரையும் விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாசனை காட்டாமல் கொல்லும். மின்போர்வை உள்ள ஹோட்டலாகப் பாருங்கள். பகலில் 15 டிகிரி அளவுக்கு இருக்கும் வெப்பம் இரவில் பூஜ்யத்தை ஒட்டி இறங்கிவிடும்.

2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த படுகொலைக்குப் பிறகு காஷ்மீர் என்றாலே வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். 26 பேரின் உயிர் போனது. அந்தப் பயத்தைச் சின்னதாக்கிப் பேச எனக்கு உரிமை இல்லை. அரசின் அறிவிப்பைப் பாருங்கள், எந்த இடம் திறந்திருக்கிறது என்று முதல் நாளே உறுதி செய்யுங்கள், சந்தேகம் இருந்தால் தள்ளிப்போடுங்கள். போகலாம் என்று முடிவெடுத்தால், தோட்டங்களில் உடை வாடகைக்குக் கொடுத்துப் படம் எடுப்பவர், ஷிகாராக்காரர், கஹ்வா தேநீர் விற்பவர் என்று பலருடைய அடுப்பு உங்கள் வண்டியை நம்பி எரிகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். காஷ்மீரி உடை போட்டுப் படம் எடுப்பதை நான் குறை சொல்லவில்லை. அதற்கும் நேரம் வேண்டும். அரைமணியில் படமும் எடுத்துத் தோட்டமும் பார்க்க முடியாது.

செலவு கூடும், இன்னொரு நாள் தங்கவேண்டும் என்பது உங்கள் பக்கத்து நியாயம். இதற்கு என் யோசனை: புதிதாக நாள் சேர்க்க வேண்டாம். சோன்மார்க்கையும் குல்மார்க்கையும் இரண்டு தனி நாட்களில் வைத்துப் பனியைத் தேடுகிறீர்கள். நவம்பர் தொடக்கத்தில் இரண்டு இடத்திலும் பனி இருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஒன்றை விட்டுவிடுங்கள். அந்த நாளில் விடிகாலை பாம்பூர், பத்தரைக்கு ஷாலிமார், இரண்டு மணிக்கு ஷிகாராவில் நிஷாத். மதியச் சாப்பாட்டைப் பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிடுங்கள். புளியோதரையும் தயிர்சாதமும் குளிரில் கெடாது. தோட்டத்துக்கு வெளியே ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, குப்பையை மட்டும் வண்டிக்கே திருப்பிக் கொண்டுவரட்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நிஷாத்தின் கீழ்த் தளங்களிலேயே ஓர் இருக்கை பிடித்துக் கொடுங்கள். ஏறக்கூடியவர்கள் மேலே போய் வரட்டும், யாரும் விசில் ஊத வேண்டாம்.

தேதியும் உங்களுக்குச் சாதகம்தான். பல வருடங்களில் தீபாவளி அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ வருகிறது. ஓய்வு பெற்றவர்களுக்குப் பள்ளி விடுமுறை தேவையே இல்லை. உங்கள் வண்டியில் பாதிப் பேர் அவர்கள்தான். மே மாதக் கூட்டமும் அறைவாடகையும் அப்போது இருக்காது. கன்னியாகுமரியிலிருந்து கட்ரா வரை ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் போகிறது. 2025 ஜூனிலிருந்து கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடுகிறது, செனாப் பாலத்தின் மேல், ஏறக்குறைய மூன்று மணி நேரம். விமானக் கட்டணத்துக்குப் பயந்து ஒதுங்கியிருந்தவர்களுக்கு அதையும் ஒரு வழியாகச் சொல்லலாம்.

உள்ளூர் வழிகாட்டி ஒருவரைத் தோட்டங்களுக்கு மட்டுமாவது அமர்த்துங்கள். அவர் இந்தியில் சொல்வதைத் தமிழில் திருப்பிச் சொல்ல உங்கள் மேனேஜர் போதும். அதற்கு அவர் முதலில் ஒரு முறை நிஷாத்தின் பன்னிரண்டாம் தளம் வரை தானே ஏறிப் பார்த்திருக்கவேண்டும். வருகிற ஐப்பசிக்கு முன்னால் அவரை அனுப்பி வையுங்கள்.

தீபாவளிக்கான அட்டவணையை நீங்கள் ஆடி, ஆவணியில் அச்சுக்குக் கொடுப்பீர்கள். 'ஸ்ரீநகர் லோக்கல்' என்ற வரியை எடுத்துவிட்டு, 'ஷாலிமார் பாக், முற்பகல் முழுவதும்; நிஷாத் பாக், பிற்பகல் இரண்டு மணி முதல் அஸ்தமனம் வரை' என்று போடுங்கள். அப்படி ஒரு துண்டறிக்கை வந்தால் எங்கள் தெருவில் ஆள் சேர்த்துத் தருகிற பொறுப்பை நான் எடுத்துக்கொள்கிறேன். நான்காம் தளத்தில் நாங்கள் கையைப் பிடித்து இறக்கிய அந்தப் பாட்டிதான் முதல் ஆளாகப் பேர் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் வண்டிகளில் வந்துபோகும் பயணிகளில் ஒருவர்